லாரா இங்கல்ஸ்: புல்வெளியில் வளர்ந்த துடுக்குக்காரப் பெண்ணைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பகுதிப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கதை வாசிக்கிறேன். லாரா இங்கல்ஸ் வைல்டர் தன் இளமைக்காலத்தைப் பற்றி எழுதிய கதைகளை வாசிக்கும்போதெல்லாம் ஒரே கேள்விகள் வருகின்றன. பிள்ளைகள் பாதி கேட்பார்கள், கூட்டிப்போக வரும் அம்மா அப்பாக்களும் தாத்தாக்களும் மீதியைக் கேட்பார்கள். வாசலில் நின்று அவசரமாகச் சொன்ன பதில்கள் எனக்கே போதவில்லை. அதனால் அவர்கள் கேட்டது கேட்டபடியே இருக்க, பதிலை மட்டும் நிதானமாக எழுதி வைத்திருக்கிறேன்.

இந்த லாரா நிஜமாவே இருந்தவங்களா, இல்ல கதைப் பாத்திரமா?

நிஜமாகவே வாழ்ந்தவர். 1867 பிப்ரவரி 7 அன்று அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், பெப்பின் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு மர வீட்டில் பிறந்தார். அப்பா சார்ல்ஸ் இங்கல்ஸ், அம்மா கரோலின். அக்கா மேரி, தங்கைகள் கேரி, கிரேஸ். தன் பிள்ளைப் பருவத்தைக் கதையாக எழுதி, முதல் புத்தகத்தை 1932இல் வெளியிட்டபோது அவருக்கு 65 வயது. 1957 பிப்ரவரி 10 அன்று, 90 வயது முடிந்து மூன்றாம் நாள், மிசூரி மாநிலத்தில் காலமானார்.

கதையில் வருபவை பெரும்பாலும் நடந்தவைதான். ஆனால் எல்லாமே நடந்தபடி நடந்த வரிசையில் வரவில்லை. 1930இலேயே பெரியவர்களுக்காக ஒரு தன்வரலாறு எழுதினார். அப்போது யாரும் அதை வெளியிட முன்வரவில்லை. 2014இல்தான், விரிவான குறிப்புகளோடு அச்சில் வந்தது. கதைக்கும் வாழ்க்கைக்கும் உள்ள வித்தியாசத்தை அதை வைத்துத்தான் நாம் இன்று பேச முடிகிறது.

ஒரு ஊர்ல இருக்காம ஏன் இப்படி ஊர் ஊரா வண்டி கட்டிட்டுப் போனாங்க?

நிலத்துக்காக. 1862இல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட ஒரு சட்டம், 21 வயதான எவரும் அல்லது ஒரு குடும்பத்தின் தலைவராக இருப்பவர் எவரும் சிறு கட்டணம் கட்டி 160 ஏக்கர் அரசு நிலத்தைப் பதிவு செய்துகொள்ளலாம் என்றது. அங்கே வீடு கட்டி, பயிர் செய்து, ஐந்து வருடம் குடியிருந்து காட்டினால் நிலம் அவர்களுக்கே சொந்தம். திருமணமாகாத பெண்ணும் விதவையும்கூடத் தன் பெயரில் பதியலாம். கணவனோடு வாழும் பெண்ணுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

160 ஏக்கர் சும்மா கிடைக்கிறது என்று கேட்டால் யாருக்குத்தான் கால் நிற்கும்? ஆனால் அந்த நிலத்தில் ஒரு மரம் கிடையாது, கிணறு கிடையாது, பக்கத்து வீடு கிடையாது. சார்ல்ஸ் இங்கல்ஸுக்குக் கூடவே இன்னொரு குணமும் இருந்தது. பக்கத்தில் நாலு குடும்பம் வந்து சேர்ந்தால் அவருக்கு மூச்சு முட்டும். மேற்கே போகலாம் என்பார். கரோலினுக்கோ, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற ஊரில் நிலைத்து உட்கார வேண்டும். இந்த இழுபறிதான் அந்தக் குடும்பத்தின் கதை என்று எனக்குத் தோன்றும்.

எந்தெந்த ஊர்னு வரிசையா சொல்லுங்களேன், குழப்பமா இருக்கு.

குழப்பம் உங்கள் தப்பு இல்லை. கதையில் வரும் வரிசை வேறு, வாழ்ந்த வரிசை வேறு. விஸ்கான்சினிலிருந்து லாராவுக்கு இரண்டு வயது ஆவதற்குள்ளேயே கிளம்பி, மிசூரி வழியாக 1869இல் கான்சாஸ் போனார்கள். 1871இல் திரும்பவும் விஸ்கான்சினின் அதே வீட்டுக்கு வந்தார்கள். 1874இல் மினசோட்டாவின் வால்நட் குரோவ், 1876இல் அயோவாவின் பர் ஓக், 1877இல் மறுபடி வால்நட் குரோவ். 1879இல் டகோட்டா பிரதேசம் போய், அங்கே ரயில் பாதையோடு முளைத்த டி ஸ்மெட் என்ற புது ஊரில்தான் கடைசியாக நின்றார்கள்.

கான்சாஸில் இருந்தபோது லாராவுக்கு இரண்டிலிருந்து நான்கு வயது. கதையில் அதைவிடப் பெரிய பெண்ணாக வருகிறார். அந்த வயதின் நினைவுகளில் பெரும்பகுதி அப்பா அம்மா சொல்லக் கேட்டவையாகத்தான் இருக்க முடியும்.

அப்படி என்ன துடுக்கு அந்தப் பொண்ணுக்கு? எல்லாக் குழந்தையும் சேட்டை பண்ணத்தானே செய்யும்?

ஒரு சம்பவம் சொல்கிறேன், அவரே எழுதியது. மேரிக்குத் தங்க நிற முடி, லாராவுக்குப் பழுப்பு நிறம். வீட்டுக்கு வருகிறவர்கள் மேரியின் முடியைத்தான் புகழ்வார்கள். ஒரு நாள் மேரி அதையே சொல்லிச் சீண்ட, லாரா அக்காவின் கன்னத்தில் ஓங்கி அறைந்துவிட்டாள். அப்பா வாரால் அடித்தார். அப்புறம் மடியில் உட்கார வைத்து, 'என் முடி என்ன நிறம் பார்' என்றார். அவர் முடியும் பழுப்பு. அந்தக் குழந்தைக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

வெயிலில் முகம் கறுக்கும் என்று அம்மா துணித்தொப்பியைக் கட்டிவிடுவார். லாராவின் தொப்பி எப்போதும் முதுகில்தான் தொங்கும். பன்னிரண்டு வயதில் ரயில் பாதை போடும் முகாமில் இருந்தபோது, உறவுக்காரப் பெண் ஒருத்தியோடு சேணம் இல்லாத மட்டக்குதிரையில் ஏறி, தலைமுடி பறக்கப் புல்வெளியில் பாய்ந்து போயிருக்கிறாள். அப்பா அவளுக்கு வைத்த செல்லப் பெயர், ஒரு சிறிய அளவையின் பெயர். தமிழில் 'அரைப்படி' என்று வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு வாசிக்கும்போது நான் அப்படித்தான் சொல்கிறேன், அவர்களுக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லாக் குழந்தையும் சேட்டை பண்ணும், சரிதான். ஆனால் லாராவின் துடுக்கு அந்த வீட்டுக்கு உழைப்பாகவே தேவைப்பட்டது. ஆண் பிள்ளை இல்லாத விவசாயக் குடும்பம் அது. வயலில் அப்பாவோடு நிற்க ஒரு ஆள் வேண்டியிருந்தபோது நின்றது இந்தப் பெண்தான். அது எப்படி என்று பின்னால் பனிக்காலம் பற்றிய கேள்வியில் வருகிறது.

அந்தக் காலத்துல பொண்ணுங்க வீட்டுல என்ன வேலைதான் பண்ணுவாங்க?

என்ன பண்ணமாட்டார்கள் என்று கேட்டால் பதில் சுருக்கமாக இருக்கும். தண்ணீர் சுமப்பது, பாத்திரம் கழுவுவது, தங்கையைப் பார்த்துக்கொள்வது, கிழிசல் தைப்பது, ஒட்டுப்போட்ட போர்வை தைப்பது, மாடு ஓட்டுவது, பால் கறப்பது. வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேலை என்று கரோலின் முறை வைத்திருந்தார். துவைக்க ஒரு நாள், இஸ்திரி போட ஒரு நாள், வெண்ணெய் கடைய ஒரு நாள் என்று போகும்.

வெண்ணெய் கடைவது நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிகிறது. அங்கே உயரமான மரத்தொட்டி, மூடியின் நடுவில் ஓட்டை, அதன் வழியாக மேலும் கீழும் இடிக்கிற நீளக்கோல். பனிக்காலத்தில் மாடு பச்சைப் புல் மேயாததால் வெண்ணெய் வெளுத்துப் போகும். கரோலினுக்கு அது பொறுக்காது. கேரட்டைத் துருவி, பாலில் சூடாக்கி, துணியில் வடிகட்டி, அந்த மஞ்சள் பாலைப் பாலேட்டில் ஊற்றிக் கடைவார். பிழிந்த கேரட் சக்கை பிள்ளைகளுக்கு. காட்டு நடுவில், பார்க்க யாரும் இல்லாத வீட்டில் வெண்ணெய்க்கு நிறம் கூட்டிய அந்த அம்மாவை எனக்கு மிகவும் பிடிக்கும்.

கொஞ்சம் வளர்ந்ததும் லாரா வெளிவேலைக்கும் போனாள். வால்நட் குரோவில் ஒரு விடுதியில் பாத்திரம் கழுவிப் பரிமாற வாரத்துக்கு 50 சென்ட். டி ஸ்மெட்டில் சட்டை தைக்க நாளுக்கு 25 சென்ட்.

மண்ணுக்குள்ள குழி தோண்டி இருந்தாங்களாமே, அது எப்படி?

வால்நட் குரோவ் பக்கத்தில் ஓர் ஓடைக் கரை. கரை மேட்டைப் பக்கவாட்டில் குடைந்து ஓர் அறை. முன்பக்கச் சுவர் புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கியது. கூரை என்பது குறுக்கே போட்ட கிளைகள், மேலே காய்ந்த புல், அதற்கு மேல் மண். அந்த மண்ணில் புல்லும் முளைத்துவிடும். மேலே நடந்து போகிறவருக்குக் கீழே ஒரு குடும்பம் இருப்பதே தெரியாது. கதையில் ஒரு மாடு அந்தக் கூரை மேல் ஏறி, அதன் கால் உள்ளே வந்துவிடும். பிள்ளைகள் அந்த இடத்தை நாலு முறை வாசிக்கச் சொல்வார்கள்.

மரமே இல்லாத புல்வெளியில் வேறு வழியில்லை. பலகை வாங்கப் பணம் வேண்டும். அந்த வீடு கோடையில் குளிர்ச்சியாகவும் குளிர்காலத்தில் கதகதப்பாகவும் இருக்கும், ஆனால் இருட்டு. நல்ல கோதுமை விளைச்சல் வரப்போகிறது என்று நம்பி சார்ல்ஸ் பலகை வீடு கட்டினார். அப்புறம் வந்ததுதான் அடுத்த கேள்வி.

வெட்டுக்கிளி மேகம் மாதிரி வந்து சூரியனை மறைச்சதுன்னு வருதே, கொஞ்சம் மிகைதானே?

மிகை இல்லை. ராக்கி மலை வெட்டுக்கிளி என்ற இனம் 1873 முதல் 1877 வரை மினசோட்டாவையும் சுற்றுவட்டாரத்தையும் நாசம் செய்தது. வானத்தில் பளபளக்கும் மேகம் போல வந்து இறங்கி, கோதுமை, காய்கறி, புல், மர இலை என்று எல்லாவற்றையும் தின்றன. அதோடு தீரவில்லை. போகும்போது மண்ணில் முட்டை போட்டுப் போயின. அடுத்த வசந்தத்தில் அந்த முட்டைகள் பொரிந்து மறுபடியும் அதே நாசம்.

விளைச்சலை நம்பி வாங்கிய பலகைக் கடன் அப்படியே நின்றது. ரயிலுக்குக் காசில்லாமல் சார்ல்ஸ் ஒட்டுப்போட்ட பூட்ஸோடு கிழக்கே நடந்தே போனார், வெட்டுக்கிளி எட்டாத இடத்தில் அறுவடைக் கூலி வேலைக்கு. நிலத்துக்குச் சொந்தக்காரர் இன்னொருவர் வயலில் கூலிக்கு அறுத்தார். வீட்டில் அம்மாவும் சின்னப் பெண்களும்தான்.

அந்த வெட்டுக்கிளி இனம் இன்று இல்லை. 1902க்குப் பிறகு அதை யாரும் உயிரோடு பிடித்ததில்லை. அது முட்டையிட்டு வந்த ஆற்றுச் சமவெளிகளைக் குடியேறிகள் உழுதுவிட்டதே முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

அயோவா பத்திக் கதையில ஒண்ணுமே வரலையே, ஏன்?

அது அந்தக் குடும்பத்தின் மிக வேதனையான காலம். 1875 நவம்பரில் ஒரு தம்பி பிறந்தான், பெயர் சார்ல்ஸ் ஃபிரெட்ரிக். பர் ஓக் போகும் வழியில், 1876 ஆகஸ்டில், ஒன்பது மாதக் குழந்தையாக இறந்துபோனான். பர் ஓக்கில் சொந்த நிலம் இல்லை. ஒரு விடுதியை நடத்த உதவியாகக் குடும்பமே வேலை செய்தது. ஊரில் ஒரு மருத்துவரின் மனைவி, லாராவைத் தனக்குத் தத்துக் கொடுக்கும்படி கரோலினைக் கேட்டார். கரோலின் மறுத்துவிட்டார். கடைசியில் வாடகைக் கடனை அடைக்க முடியாமல் இரவோடு இரவாக வண்டி கட்டிக் கிளம்பினார்கள்.

இதையெல்லாம் தன்வரலாற்றில் எழுதிய லாரா, குழந்தைகளுக்கான கதைகளில் சேர்க்கவில்லை. ஒளித்தார் என்று சிலர் குறை சொல்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. இறந்த தம்பியைப் பற்றி எட்டு வயதுப் பிள்ளைக்கு எழுத முடியாமல் போனது ஓர் அக்காவின் மனசு. ஆனால் கதையில் அப்பா எப்போதும் கடனுக்கு அஞ்சுகிற, நேர்மை தவறாதவராக வருவதைப் பெரிய பிள்ளைகள் படிக்கும்போது இந்த இரவையும் சொல்லுங்கள். வறுமை ஒரு நல்ல மனிதரை எங்கே கொண்டு நிறுத்தும் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

மேரிக்குக் கண் போனது விஷக்காய்ச்சலாலயா?

கதையில் செங்காய்ச்சல் என்று வருகிறது. நடந்தது 1879இல், மேரிக்கு 14 வயது. கடுமையான காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, முகத்தின் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பார்வை கொஞ்சம் கொஞ்சமாக மங்கிப் போயே போய்விட்டது. 2013இல் ஒரு குழந்தை மருத்துவ இதழில் வந்த ஆய்வு, இந்த அறிகுறிகளை வைத்து, வைரஸால் மூளையிலும் மூளை உறையிலும் ஏற்பட்ட அழற்சியாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்கிறது.

அப்போது அப்பா லாராவிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்தார்: இனி அக்காவுக்கு நீதான் கண். ரயிலில் போகும்போதும் வாசலில் உட்கார்ந்திருக்கும்போதும் கண்ணில் பட்டதை எல்லாம் லாரா வாயால் சொல்லிக்கொண்டே வர வேண்டும். வானம் சிவந்திருக்கிறது என்றால் போதாது, எப்படிப்பட்ட சிவப்பு, எங்கே தொடங்கி எங்கே வெளுக்கிறது என்று சொல்ல வேண்டும். ஓர் இடத்தில் நில்லாத பெண், நின்று பார்த்து, சரியான சொல்லைத் தேடக் கற்றுக்கொண்டது இங்கேதான். அவர் எழுத்தில் புல்வெளி நம் கண் முன்னால் விரிகிறதே, அந்தப் பயிற்சி பார்வையில்லாத அக்காவுக்காக வந்தது.

ஏழு மாசம் பனியில மாட்டிக்கிட்டாங்களாம். சாப்பாடு இல்லாம எப்படி உயிர் பிழைச்சாங்க?

1880 அக்டோபர் நடுவிலேயே முதல் பனிப்புயல் அடித்தது. அப்புறம் புயல் மேல் புயல். ஜனவரியோடு ரயில் நின்றுவிட்டது. டி ஸ்மெட்டுக்கு மறுபடி ரயில் வந்தது 1881 மே மாதம். கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய பெட்டியை மே மாதத்தில் திறந்து கொண்டாடினார்கள். நிலக்கரி, மண்ணெண்ணெய், மாவு எல்லாம் ரயிலில் வர வேண்டியவை, எல்லாம் தீர்ந்துபோயின.

விறகு இல்லாத ஊரில் எரிக்க என்ன இருக்கிறது? அந்தக் கோடையில் அப்பாவோடு நின்று லாரா சேர்த்த காய்ந்த புல். பெண் பிள்ளை வயலில் வேலை செய்வது கரோலினுக்குப் பிடிக்காது, ஆனாலும் கூலிக்கு ஆள் வைக்கக் காசில்லை. அப்பா கவட்டைக் கோலால் புல்லை வண்டியில் போடப் போட, பதின்மூன்று வயதுப் பெண் மேலே நின்று மிதித்து அமுக்கினாள். அந்தப் புல்லைத்தான் குளிர்காலத்தில் முறுக்கி எரித்தார்கள். ஒரு கைப்பிடி நீளப் புல்லை எடுத்து, கயிறு திரிப்பது போல முறுக்கி, முறுக்கு ஏறி மடங்குகிற இடத்தில் இரண்டாக மடித்து, நுனியைச் செருகிவிட வேண்டும். ஒரு திரி அடுப்பில் சில நிமிடம்தான் தாங்கும். அதனால் யாராவது ஒருவர் கொட்டிலில் உட்கார்ந்து முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். புல்லின் விளிம்பு கையைக் கீறும். குளிரில் விரல் மரத்திருக்கும். பிடில் வாசிக்கிற அப்பாவின் விரல்கள் வீங்கி, அந்தக் குளிர்காலத்தில் பிடிலே வாசிக்க முடியாமல் போனது.

சாப்பாட்டுக்கு விதைக் கோதுமை. மாவு மில் இல்லை, அதனால் காபிக்கொட்டை அரைக்கிற கைமிஷினில் அரைத்தார்கள். நம் பாட்டி வீட்டில் இருந்திருக்குமே, மேலே கைப்பிடி, கீழே சின்ன இழுப்பறை, அதே மாதிரி. ஒரு தடவைக்கு ஒரு கை அளவுதான் போட முடியும். ஒருவர் மாற்றி ஒருவர், மேரி உட்பட, நாள் முழுக்க அரைத்தால் அன்றைய ரொட்டிக்கு ஆகும். கோதுமையும் தீரும் நேரத்தில் அல்மான்சோ வைல்டர், கேப் கார்லண்ட் என்ற இரண்டு இளைஞர்கள், இரண்டு புயல்களுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் பனியில் வண்டி ஓட்டிப்போய், தொலைவில் ஒரு விவசாயியிடம் கோதுமை வாங்கி வந்தார்கள். ஊரே அதைத் தின்று பிழைத்தது.

கதையில் சொல்லாத ஒன்று: அந்தக் குளிர்காலம் முழுக்க இன்னொரு இளம் தம்பதி கைக்குழந்தையோடு அவர்கள் வீட்டிலேயே தங்கியிருந்தது.

டீச்சர் வேலைக்குப் போகும்போது அவங்களுக்கே படிக்கிற வயசுதானே?

ஆமாம், பதினாறு வயது வாக்கில். ஊரிலிருந்து 12 மைல் தள்ளி, காலியாகக் கிடந்த ஒரு குடிசைதான் பள்ளிக்கூடம். மாணவர் ஐந்து பேர், அதில் சிலர் டீச்சரை விட உயரம். இரண்டு மாத வேலை, மாதம் 20 டாலர். தங்கிய வீட்டில் மனநிம்மதி இழந்த ஒரு பெண், வீடு முழுக்க இறுக்கம். வெள்ளிக்கிழமைதோறும் அல்மான்சோ பனிச்சறுக்கு வண்டியில் வந்து வீட்டுக்கு அழைத்துப் போவார்.

லாராவுக்கு டீச்சர் வேலையில் ஆசை இல்லை. மேரிக்காகப் போனாள். மேரி 1881 நவம்பரில் அயோவாவின் விண்டன் நகரில் இருந்த பார்வையற்றோர் கல்லூரியில் சேர்ந்திருந்தார். படிப்புச் செலவை டகோட்டா பிரதேச அரசு ஏற்றுக்கொண்டது. துணிமணி, பயணம் இவற்றுக்குக் குடும்பம்தான் பணம் தேட வேண்டும். மேரி 1889இல் படிப்பை முடித்தார்.

என் பையன் கேக்குறான்: 'சும்மா கிடந்த நிலம்னா, அங்க ஏற்கெனவே இருந்தவங்க எங்க போனாங்க?' என்ன சொல்றது?

உண்மையைச் சொல்லுங்கள். நிலம் சும்மா கிடக்கவில்லை. கான்சாஸில் இங்கல்ஸ் குடும்பம் வீடு கட்டிய இடம் ஒசேஜ் என்ற பூர்வகுடி மக்களுக்கு ஒப்பந்தப்படி சொந்தமான நிலம். அங்கே குடியேறுவது சட்டவிரோதம். சார்ல்ஸ் மட்டுமில்லை, ஆயிரக்கணக்கானோர் அப்படி உள்ளே புகுந்திருந்தார்கள். நெருக்கடி தாங்க முடியாத நிலையில், 1870இல் வந்த சட்டப்படி ஒசேஜ் மக்கள் அந்த நிலத்தை விட்டு, இன்றைய ஓக்லஹோமாவுக்கு இடம்பெயர்ந்தார்கள். அந்த நிலம் ஏக்கர் 1.25 டாலர் விலையில் குடியேறிகளுக்கு விற்கப்பட்டது. ஒசேஜ் மக்கள் வரிசையாகப் புல்வெளியைக் கடந்து போவதைக் கதையில் ஒரு சின்னப் பெண் வாசலில் நின்று பார்க்கிறாள். அங்கே வாசிப்பை நிறுத்தி, அந்தக் குதிரைகளின் மேல் உட்கார்ந்திருந்த குழந்தைகளைப் பற்றிப் பேசுங்கள்.

இங்கல்ஸ் குடும்பம் அங்கிருந்து கிளம்பியதற்கு, அரசாங்கம் துரத்தியது என்று கதை காரணம் சொல்கிறது. நடந்தது வேறு. 1871இல் அந்த நிலத்தை விலைக்கு வாங்க வழி திறந்துவிட்டிருந்தது. ஆனால் விஸ்கான்சின் வீட்டை வாங்கியவரால் பணம் கட்ட முடியாமல் போக, சார்ல்ஸ் அதையே திரும்பப் பெற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்.

அப்ப இதைக் குழந்தைங்களுக்குக் கொடுக்கலாமா, கூடாதா?

கூட உட்கார்ந்து வாசிக்க முடியும் என்றால் கொடுங்கள். பூர்வகுடி மக்களை இழிவாகப் பேசும் வரிகள் இருக்கின்றன. அங்கே மனிதர்களே இல்லை, இந்தியர்கள்தான் (அப்போது பூர்வகுடிகளை அப்படித்தான் அழைத்தார்கள்) இருந்தார்கள் என்ற பொருளில் முதல் பதிப்பில் இருந்த ஒரு வரியை, ஒரு வாசகரின் புகாருக்குப் பிறகு 1953 பதிப்பில் மாற்றினார்கள். லாரா உயிரோடு இருந்தபோதே, அவர் சம்மதத்தோடு. 2018இல் அமெரிக்க நூலகர் அமைப்பு ஒன்று, அவர் பெயரில் இருந்த சிறார் இலக்கிய விருதின் பெயரையே மாற்றியது.

என் வட்டத்தில் அந்த வரிகளைத் தாண்டிப் போவதில்லை. வாசித்துவிட்டு நிறுத்துவேன். கான்சாஸில் குடும்பமே மலேரியாவில் சுருண்டு கிடந்தபோது மருந்து கொடுத்துக் காப்பாற்றியவர் ஜார்ஜ் டான் என்ற கறுப்பின மருத்துவர், ஒசேஜ் மக்களுக்கும் வைத்தியம் பார்த்தவர் என்பதையும் சொல்வேன். அவர் நிஜ மனிதர், அவர் கல்லறை கான்சாஸின் இண்டிபெண்டன்ஸ் நகரில் இருக்கிறது.

அந்த நெல்லி நிஜமா? அவ்வளவு மோசமாவா ஒரு பொண்ணு இருப்பா?

கதையில் லாராவைச் சீண்டிக்கொண்டே இருக்கும் நெல்லி ஒருத்தி இல்லை, மூன்று பேர். வால்நட் குரோவில் கடைக்காரர் மகள் ஒருத்தி, விடுதிக் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொருத்தி, டி ஸ்மெட்டில் ஒருத்தி. மூவரையும் சேர்த்து ஒரே பாத்திரமாக்கிவிட்டார். மூன்று பேரின் குறும்பு ஒரே உடம்பில் இருந்தால் அப்படித்தான் இருக்கும் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள், சமாதானம் ஆகிவிடுவார்கள்.

கல்யாணம் ஆனதும் எல்லாம் சரியாயிடுச்சா?

இல்லை. 1885 ஆகஸ்ட் 25 அன்று அல்மான்சோவை மணந்தார். அவருக்கு 18, அல்மான்சோவுக்கு 28. திருமண உறுதிமொழியில் கணவனுக்குக் கீழ்ப்படிவேன் என்ற சொல்லைச் சொல்ல மாட்டேன் என்று முன்பே பேசிவிட்டார். அல்மான்சோ ஒப்புக்கொண்டார். நான் முன்னால் சொன்ன அதே துடுக்குதான், வளர்ந்து நிதானம் கண்டிருக்கிறது.

அப்புறம் வந்தவை எல்லாம் அடி மேல் அடி. வறட்சியில் பயிர் கருகியது. 1888இல் இருவருக்கும் தொண்டை அடைப்பான் நோய் வந்தது. அதன் பின்விளைவாக அல்மான்சோவின் நடை கடைசிவரை பாதிக்கப்பட்டது. 1889இல் பிறந்த ஆண் குழந்தை ஒரு மாதம் ஆவதற்குள் இறந்தது, அதே மாதம் வீடு தீப்பிடித்து எரிந்தது. 1894இல், ஏழு வயது மகள் ரோஸோடு வண்டியில் மிசூரியின் மேன்ஸ்ஃபீல்டுக்குப் போனார்கள். நிலம் வாங்க வைத்திருந்த ஒற்றை நூறு டாலர் நோட்டை எழுதுபெட்டிக்குள் மறைத்து எடுத்துப் போனார். போய்ச் சேர்ந்ததும் தேடினால் காணோம். சில நாள் பதைப்புக்குப் பிறகு பெட்டியின் இடுக்கில் கிடைத்தது. அந்தப் பணத்தில் தொடங்கிய பண்ணையில்தான் கடைசிவரை வாழ்ந்தார்.

கதையை எழுதினதே மகள்தான்னு சொல்றாங்களே?

ரோஸ் வைல்டர் லேன் அன்று நாடறிந்த எழுத்தாளர். அம்மாவின் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்தி, வெட்டி, சேர்த்து, பதிப்பாளரோடு பேசியது அவர்தான். எவ்வளவு திருத்தினார் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை உண்டு. ஆனால் பள்ளிக் குறிப்பேடுகளில் பென்சிலால் லாரா எழுதிய மூலப்பிரதிகள் இருக்கின்றன. 1911 முதலே மிசூரியின் ஒரு விவசாயப் பத்திரிகையில் எழுதி வந்தவர் அவர். வாழ்ந்ததும் பார்த்ததும் சொன்னதும் லாரா, கதைக் கட்டுக்கோப்பில் ரோஸின் கை பெரிது என்பது என் முடிவு. மேரியைப் பற்றிய பதிலை ஒருமுறை திரும்பப் படியுங்கள், நான் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று தெரியும்.

கடைசியில அந்த அப்பா விவசாயத்துல ஜெயிச்சாரா?

விவசாயத்தில் இல்லை. டி ஸ்மெட் நிலத்தைச் சட்டப்படி தன் பெயருக்கு ஆக்கிக்கொண்டார், ஆனால் அதை வைத்துப் பிழைக்க முடியவில்லை. 1887இல் டவுனில் தன் கையாலேயே ஒரு வீடு கட்டி அங்கே குடியேறினார், தச்சு வேலையும் மற்ற வேலைகளும் பார்த்தார். இன்னும் மேற்கே போக வேண்டும் என்ற ஆசை தீரவே இல்லை, ஆனால் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பதாகக் கரோலினுக்குக் கொடுத்த வாக்கை மீறவில்லை. 1902இல் அந்த ஊரிலேயே இறந்தார். மேரியும் திருமணம் செய்துகொள்ளாமல் அம்மாவோடு அந்த வீட்டில்தான் இருந்தார்.

இப்பப் போனா பார்க்க ஏதாவது இருக்கா?

இருக்கிறது. பர் ஓக் விடுதி கட்டடம் அதே இடத்தில் அருங்காட்சியகமாக நிற்கிறது. டி ஸ்மெட்டில் 1887இல் கட்டிய வீடு இருக்கிறது. ஊருக்கு வெளியே அவர்களின் பழைய நிலத்தில், மனைவிக்கும் நான்கு மகள்களுக்கும் ஆளுக்கொன்றாக சார்ல்ஸ் நட்ட மரங்களைக் காட்டுவார்கள். அந்தப் பிடில் மேன்ஸ்ஃபீல்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வால்நட் குரோவ் ஓடைக்கரை வீடு இடிந்துவிட்டது. கரையில் ஒரு பள்ளம் மட்டும் இருக்கிறது, அதைச் சுற்றிப் புல்.